மூன்று பல் தள்ளி

செப்டம்பர் 29, திங்கள்

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து இன்றோடு நான்கு மாதம். இதுவரை நானாக யாரிடமும் பேச்சைத் தொடங்கியதே இல்லை என்கிறார் கிட்டுசாமி அண்ணன். அவர்தான் இங்கே எலக்ட்ரீஷியன். "மேடம் பேசுனா பியூஸ் போயிருமோன்னு பயப்படறாங்க" என்று இன்றும் வந்திருந்த ஒருவரிடம் சொல்லிச் சிரித்தார். நான் ஜாப் கார்டுக்குள் குனிந்துகொண்டேன்.

வண்டிக்கு என்னென்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதுவது, ஸ்பேர் எடுத்துத் தருவது, போன் எடுப்பது. இதுதான் என் வேலை. மூன்றில் போன்தான் கஷ்டம். அப்பா எண்ணெய் மில்லில் "எங்க மேகலா கார் கம்பெனில ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் நான் எங்கே உட்கார்ந்தாலும் அது அவருக்கு ஆபீஸ்தான். வேலை செய்வது ஒரு தகரக் கொட்டகை, என் மேசைக்குப் பக்கத்தில் பழைய டயர் அடுக்கியிருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. கணிதம் இங்கே உதவுவது போல்ட்டுகளை எண்ணும்போது மட்டும்.

சாந்தாமணி அக்காவின் வெள்ளைக் காருக்கு இன்ஜினின் மேல்பாதி இன்று கோயமுத்தூர் லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. முதலாளி ராசப்பண்ணனே அதை மாட்டினார். அவர்தான் தலைமை மெக்கானிக்கும். இன்னும் மாட்ட வேண்டியது டைமிங் பெல்ட் மட்டும். அது கோயமுத்தூரிலிருந்து பூஜை விடுமுறை முடிந்துதான் வரும்.

அக்கா தையல் டீச்சர். மூன்று ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தருகிறார். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் வராது. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே லீவரில் கையாலேயே இயக்கும்படி காரை மாற்றி வைத்திருக்கிறார். ஓட்டிப் பழகும்போதுதான் இன்ஜின் சூடாகிப் புகைந்துவிட்டது. லைசென்ஸ் டெஸ்ட் அக்டோபர் 14. அவருடைய பழகுநர் உரிமம், அந்த எல்.எல்.ஆர்., 15-ஆம் தேதியோடு முடிகிறது. முன்பே ஒரு எல்.எல்.ஆர். இப்படித்தான் வீணானதாம். இந்தக் காரில் மட்டும்தான் அவரால் ஓட்டிக்காட்ட முடியும்.

"இந்தத் தடவையும் உட்டா என்ர தம்பி காரை வித்துருவான்" என்றார் இன்று. "'நான்தான் வண்டில கூட்டிட்டுப் போறேனே, உனக்கெதுக்குக் காரு'ங்கறான். அவனுக்கு நேரம் இருக்கறப்பத்தான் நான் வெளிய போவோணும். அதான் அவன் சொல்றதுக்கு அர்த்தம்."

"பதினாலுக்கு இன்னும் பதினஞ்சு நாளு கெடக்குது அம்மிணி" என்றார் ராசப்பண்ணன். "நாலாந்தேதி நீ ஓட்டிட்டுப் போற."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து கழுவிக்கொண்டே இருந்தோம். பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் வந்தன. சாமான்களுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் பொறுப்பு எனக்கு. எனக்குப் பிடித்த வேலை. பேச வேண்டியதில்லை.

கிட்டுசாமி அண்ணன் தன் ஸ்க்ரூ டிரைவர் ஒவ்வொன்றுக்கும் தானே சந்தனம் அப்பி, கிண்ணத்தையே காலி செய்துவிட்டார். மீதமிருந்த சாமான்களுக்குத் திருநீற்றைக் குழைத்து வைத்தேன். சாந்தாமணி அக்கா காரின் இன்ஜின் முன்பக்கம் திறந்தபடி இருந்தது. "தொறந்த இன்ஜின்ல குங்குமம் வேண்டாம் கண்ணு, உள்ள கொட்டிரும்" என்றார் ராசப்பண்ணன். அதனால் அதற்கும் திருநீறு மட்டும். மேல் பல்சக்கரம் ஒரே ஆயில். பெட்ரோல் துணியால் பளபளவென்று துடைத்து, சரியாக உச்சியில், நெற்றியில் வைப்பது போல் ஒரு வெள்ளைப் புள்ளி. மிக அழகாக இருந்தது.

துடைப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ஸ்டேட்டஸில் ஏழு படம் போட்டேன். பதினொரு பேர் பார்த்தார்கள். என்னோடு படித்த அமுதவாணி "சூப்பர்டி" என்று அனுப்பினாள்.

அக்டோபர் 3, வெள்ளி

பெல்ட் வந்தது. ராசப்பண்ணன் மாட்டும்போது நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்குப் புரிந்தவரை: மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சுற்றுவது பல் வைத்த அந்த பெல்ட். மேல் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்போது பெல்ட்டைப் போட வேண்டும். கம்பெனி போட்ட அடையாளம் இந்தக் காரில் துருவேறிப் போய்விட்டது. ராசப்பண்ணன் எப்போதும் பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே சக்கரத்தில் ஒன்று, அதற்கு நேராகப் பின்னால் இருக்கும் தகட்டில் ஒன்று என்று வெள்ளையாக இரண்டு அடையாளம் வைப்பார். என் மேசையில் ஒயிட்னர் காணாமல் போனால் அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

"மேல் வீலு கொஞ்சம் சுத்தியிருக்குது. எவன்டா தொட்டது?" என்றார். வெள்ளையையும் வெள்ளையையும் நேராகத் திருப்பி வைத்து பெல்ட்டைப் போட்டார்.

சாந்தாமணி அக்கா தன் கையால்தான் சாவி போடுவேன் என்று வந்திருந்தார். எலுமிச்சம்பழம் வைத்தோம். சாவியைத் திருப்பினார். கிர்ர், கிர்ர், கிர்ர். பிறகு சைலன்சரில் டப் என்று ஒரு வெடி. கொட்டகைமேல் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அவ்வளவுதான்.

"கரண்ட்டு" என்றார் ராசப்பண்ணன்.

"பெட்ரோலு" என்றார் கிட்டுசாமி அண்ணன்.

அக்டோபர் 4, சனி

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் மூன்றும் மாற்றியாயிற்று. இன்று அக்கா ஓட்டிப் போயிருக்க வேண்டிய நாள்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது. பேட்டரி புதிது போட்டார்கள். கிர்ர், கிர்ர், டப். புறாக்கள் இப்போது பறப்பதில்லை. பழகிவிட்டன.

இரண்டு அண்ணன்களும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. என் வழியாகப் பேசுகிறார்கள்.

"மேடம், உங்க அண்ணங்கிட்டச் சொல்லுங்கொ. கரண்ட்டு பிளக் முனை வரைக்கும் வருது. டைமிங்கப் பாக்கச் சொல்லுங்கொ."

"கண்ணு, அவன்கிட்டச் சொல்லு. டைமிங் என்ர கையால வெச்ச மார்க்கு. முப்பது வருசத்துல ஒருக்காலும் தப்புனதில்ல. அவனை வயரைப் பாக்கச் சொல்லு."

இருவரும் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார்கள். நான் ஒருவர் முகத்தையும் இன்னொருவர் முகத்தையும் பார்த்தேன். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் போனில் பூஜைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் இல்லை. நேரம் போகவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அந்த மேல் சக்கரத்துக்கு எத்தனை பல் என்று கிட்டுசாமி அண்ணனிடம் கேட்டேன். நானாகப் பேசியதில் அவருக்கே அதிர்ச்சி.

"எதுக்குங் மேடம்?"

"சும்மாதாங்ணா. கணக்கு படிச்சவ, எண்ணத் தோணுச்சு."

"எண்ணி?"

"ஒண்ணுமில்லீங்."

ராசப்பண்ணன் சரியாகத்தான் மாட்டியிருப்பார். முப்பது வருடம் என்கிறார். நான் நான்கு மாதம்.

அக்கா இன்றும் ஆட்டோவில் வந்தார். கைக்கோலைக் காரின் மேல் சாய்த்துவிட்டு, முன் சீட்டில் உட்கார்ந்து, ஓடாத காரில் ஒரு மணி நேரம் கியர் மாற்றிப் பழகினார். வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டார். வளைவு வந்தால் உடம்பையும் சாய்த்தார். "ஏனுங் மேகலா, நானு இப்ப தாராபுரம் தாண்டிட்டேன். எதாச்சும் வாங்கியாறட்டுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

அக்டோபர் 8, புதன்

ஒரு சீட்டில் இரண்டு வரி எழுதி, ராசப்பண்ணன் கண்ணில் படும்படி காரின் முன் கண்ணாடியில் வைப்பரின் அடியில் செருகி வைத்தேன். என் பெயர் போடவில்லை. கையெழுத்து தெரியக்கூடாது என்று அச்செழுத்து மாதிரி எழுதியிருந்தேன்.

மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்குக் கிட்டுசாமி அண்ணன் வந்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவினார். சுற்றும் முற்றும் துணி தேடினார். சீட்டை எடுத்துக் கம்பியை நன்றாகத் துடைத்து, கசக்கி எறிந்தார்.

மறுபடி எழுதவில்லை. அது ஒரு சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அக்டோபர் 9, வியாழன்

வயரிங் முழுவதும் பிரித்து மாட்டியாயிற்று. கிர்ர், கிர்ர், டப்.

வீட்டில் அப்பா, "என்னம்மா ஆபீஸ்ல பிரச்னையா, மூஞ்சி சரியில்லையே" என்றார். ஒரு காரில் கோளாறு, ஏன் என்று தெரியவில்லை என்றேன்.

"உனக்குமா தெரியல?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். டிகிரி வாங்கியவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று அவர் நம்பத் தயாராக இல்லை.

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மில்லில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் தன் பைக்குக்குச் சத்தம் வருகிறது என்று என்னைத் தேடி வந்தார். செயினுக்கு எண்ணெய் போடச் சொன்னேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

கார் பற்றி எழுத எதுவும் இல்லை.

இருக்கிறது. ராசப்பண்ணன் இன்று மதியம் சாப்பிடவில்லை. காரின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருசத்துக் கை போயிருச்சு போலிருக்குது" என்று மெல்லச் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது.

அக்டோபர் 11, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ராசப்பண்ணன் முடிவு செய்துவிட்டார். லேத்தில்தான் தப்பு செய்திருக்கிறார்கள், மேல்பாதியை மறுபடி கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும். தீபாவளி நெருங்குவதால் இருபத்தைந்துக்கு மேல்தான் கிடைக்கும். அதை அக்காவிடம் சொல்லத்தான் வரச் சொல்லியிருந்தார்.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, "சரீங்ணா. வெளிய போறதுக்கு எனக்கென்ன, தம்பி இருக்கறான்" என்றார். சிரித்த முகம் மாறவில்லை. கைக்கோலைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

ராசப்பண்ணன் பெரிய ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தார்.

"அண்ணா, வேண்டாங்ணா!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

எழுந்து போய்ப் போனை நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இது பூஜைக்கு முன்னாடி எடுத்ததுங்ணா. இது உங்க ஒயிட்னர். தகட்டு அடையாளத்துக்கு நேரா இருக்குது பாருங்க. நான் ஆயில்னு நினைச்சுத் துடைச்சப்ப அதுவும் சேர்ந்து போயிருச்சு. இது துடைச்சதுக்கு அப்புறம். இது என் திருநீறு. உச்சியில வெச்சேன். நீங்க அதைப் பார்த்துத்தான் சக்கரத்தைத் திருப்பினீங்க. மூணு பல்லுங்ணா. மூணு பல் தள்ளியிருக்குது."

இவ்வளவு நீளமாக நான் இந்த ஒர்க்‌ஷாப்பில் பேசியதில்லை. கல்லூரியிலும் பேசியதில்லை.

ராசப்பண்ணன் கண்ணாடியை மாட்டினார். முதல் படம், இரண்டாம் படம், மறுபடி முதல் படம். பிறகு இன்ஜினுக்குள் தலையை விட்டு, சக்கரத்தின் புள்ளியை நகத்தால் சுரண்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. ஒயிட்னர் அப்படி உதிராது. விரலை முகர்ந்தார்.

"திருநீறேதான்" என்றார்.

கிட்டுசாமி அண்ணன்தான் முதலில் வெடித்தார். "அப்ப கரண்ட்டு கரெக்ட்டு! கேட்டுக்குங்க எல்லாரும், கரண்ட்டு கரெக்ட்டு! எட்டு நாளா என்னைய வயரைப் பிரிக்க உட்டீங்களே ராசப்பண்ணா!"

"நீ மூடு. சந்தனத்தப் பூரா நீ அப்பிக்கிட்டதால வந்த வினை இது."

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை சந்தேகம் வந்துச்சுங்க்கா. செவ்வாய்க்கிழமை எண்ணிட்டேன்."

"செவ்வா. புதன், வியாழன், வெள்ளி." விரலை மடக்கினார். "நானு டெய்லி ஆட்டோ புடிச்சு வந்து உன்ர எதுருல உக்காந்து வாயில வண்டி ஓட்டிட்டுப் போனேன். நீ பாத்துட்டே இருந்திருக்கற."

"ஆமாங்க்கா" என்றேன். பயமாக இருந்தது என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன். அவர் கேட்டது காரணத்தை அல்ல.

ராசப்பண்ணன் பெல்ட்டைத் தளர்த்தினார். நான் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மேல் சக்கரத்தை ஒரு பல், இரண்டு பல், மூன்று பல் என்று திருப்பினார். பெல்ட்டைப் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "வால்வு தப்பிச்சுது, பிஸ்டன்ல எங்கியும் இடிக்கல" என்று மூச்சு விட்டார்.

சாவியை அக்காவிடம் நீட்டினார். கிர்ர் என்பது முடிவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதலில் கரும்புகை, பிறகு வெள்ளைப் புகை, பிறகு தையல் மெஷின் மாதிரி ஒரே சீரான சத்தம். இந்தச் சத்தத்துக்குப் புறாக்கள் மறுபடி பறந்தன. கிட்டுசாமி அண்ணன் விசிலடித்தார். ராசப்பண்ணன் இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

நான் என் மேசைக்கு வந்துவிட்டேன். அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ் இல்லை, கொட்டகை. தப்பு செய்தது நான். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மாவின் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "மில்லுல ஒருக்கா நான் நல்லெண்ணெ டின்னுல கடலெண்ணெயப் புடிச்சு வெச்சேன். மூணு லோடு போயிருச்சு" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. உங்கிட்டத்தான் சொல்றேன்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இருவரும் வேறு பேச்சுக்கு மாறினோம்.

அக்டோபர் 13, திங்கள்

வேலையை விட்டு நிறுத்தினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மேசைமேல் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது.

"என்ர சம்சாரத்துது" என்றார் ராசப்பண்ணன். "இனிமே மார்க்கு இதுலதான் வெப்பேன். இந்தக் கலருல எந்தச் சாமிக்கும் திருநீறு கெடையாது. போ, போன் அடிக்குது பாரு."

போனில் சாந்தாமணி அக்கா.

"நாளைக்கு டெஸ்ட்டுக்கு அண்ணன்கூட நீயும் வா."

"நானாங்க்கா?"

"ஆமா. எனக்குப் படபடன்னு வந்தா யாரையாச்சும் திட்டுனாத்தான் சரியாவும். அண்ணனைத் திட்ட முடியாது, பெரியவரு. நீ சும்மா இருக்கறவதான."

"வாறேங்க்கா."

"காலைல நேரமே வந்துரு. ரெண்டு நாளைக்குத் திட்டு மிச்சம் இருக்குது."

அக்டோபர் 14, செவ்வாய்

ஆர்.டி.ஓ. மைதானம். ராசப்பண்ணன் முன் சீட்டில், நான் பின்னால். அக்காதான் ஓட்டி வந்தார். வழி நெடுகச் சொன்னபடியே திட்டினார். ரயில்வே கேட் வரை என் பயந்த சுபாவம், அதற்குப் பிறகு நான் தலை வாரிய விதம். மைதானத்துக்குள் நுழையும்போது திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் கழுத்து வேர்த்திருந்தது.

இன்ஸ்பெக்டர் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எங்களை இறங்கச் சொன்னார். கைக்கோலை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். "இது உள்ள இருந்தா லீவருல இடிக்குது. புடி."

வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் இந்தக் காரைத்தான் பார்த்தார்கள். அக்கா எட்டுப் போட்டார். முதல் வளைவு மெதுவாக, இரண்டாவது வளைவு இன்னும் மெதுவாக. ஓடாத காரில் செய்த மாதிரியே உடம்பையும் சேர்த்துச் சாய்த்தார். ஒரு கம்பும் விழவில்லை. பின்பக்கமாக வரச் சொன்னார்கள், வந்தார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். அங்கே மட்டும் கார் ஒரு குலுங்கு குலுங்கியது. ராசப்பண்ணன் என் தோளைப் பிடித்துவிட்டார். கார் ஏறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஜன்னலில் குனிந்தார். நீண்ட நேரம் நிமிரவே இல்லை. ஏதோ சிக்கல் என்று பயந்துகொண்டே கிட்டே போனோம். அவர் லீவரைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இழுத்தா ஆக்ஸிலேட்டரு, தள்ளுனா பிரேக்கா?"

"மாத்திச் சொல்றீங்க சார். தள்ளுனாத்தான் ஓடும். மெதுவாத் தள்ளுங்க, மாவு பெசையற மாதிரி இல்ல."

"நல்லாத்தான் இருக்குதும்மா. பாஸ். போய்ட்டு வாங்க."

"பாஸா சார்?"

"பாஸுதாம்மா."

அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் கதவைத் திறக்க அருகில் போனோம். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. மைதானத்தைச் சுற்றிப் போகும் மண் பாதையில் திரும்பி, ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது.

"ஏ, எங்க போறா?" என்றார் ராசப்பண்ணன்.

நான் கைக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது இல்லாமல் அவரால் எங்கேயும் இறங்க முடியாது. ஓட்ட மட்டும்தான் முடியும்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ராசப்பண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அங்கும் இங்கும் நடந்தார். "நின்னுபோச்சோ? அந்தப் பக்கம் மேடு வேற. பெல்ட்டு கிட்டு..."

"நிக்காதுங்ணா" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

"மூணு பல்லும் நான் எண்ணினதுங்ணா."

அவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடப்பதை விட்டுவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கட்டடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து முதலில் புழுதி வந்தது, பிறகு கார். ஜன்னல்கள் நான்கும் திறந்திருந்தன. அக்காவின் முந்தானை வெளியே பறந்தது. தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. நான் கைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.

"அக்காவ்!"

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கையைக் கீழே இறக்கவில்லை. அக்கா இரண்டு முறை ஹாரன் அடித்தார், எங்களைக் கடந்தார், நிறுத்தாமல் அடுத்த சுற்றுக்குத் திரும்பினார்.